வெண்ணெய் இல்லாத ஸ்டூ

டிரைவரம்மா இறங்கினால் பஸ்ஸே ஒரு விரற்கடை நிமிர்ந்துகொள்ளும் என்று டிப்போவில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான். தன் உடம்பைப் பற்றி அடுத்தவர் வாய் திறப்பதற்குள் தானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவாள். அப்புறம் யாருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. அவள் கணவர் லிப்டு ரிப்பேர் செய்கிறவர். குடியிருந்த கட்டடத்திலும் தெருவிலும் லிப்டுக்காரர் என்றால்தான் தெரியும். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. கல்யாணமான புதிதில் அவள் கேட்டாளாம், "உங்க லிப்டுல நான் ஏறினா மணி அடிக்குமா?" என்று. அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நீ மட்டும் ஏறினா அடிக்காது" என்றாராம். அந்தப் பதிலை அவள் மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது டிப்போவில் டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாமே அவளுக்கு எல்லை தாண்டியிருந்தன. "குளிர் முடியறதுக்குள்ள எடையைக் குறைச்சுட்டு வாங்க. இல்லன்னா ஸ்டியரிங் கிடையாது, டிக்கெட் கவுண்டர்தான்" என்று டிப்போ டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு ஒன்றும் வரவில்லை.

"கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து சீட்டு கிழிக்கவா நான் பொறந்தேன்?" என்றாள்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதை லிப்டுக்காரர் பார்த்திருக்கிறார். குறுகலான திருப்பத்தில் அவ்வளவு நீள பஸ்ஸை, கைக்குழந்தையைத் தோள் மாற்றுவது போல அலுங்காமல் திருப்புவாள். அதைப் பார்ப்பதற்கென்றே அவர் சில நாள் தேவையில்லாமல் அந்தத் தடத்தில் ஏறிப் போனதுண்டு.

முதலில் அவள் பச்சைக் காய்கறி தின்று பார்த்தாள். வெயில் காலமாக இருந்தால் அது நடந்திருக்கும். ஆனால் பஸ் ஓட்டுகிறவளுக்குக் குளிர் என்பது வாசலோடு நிற்கும் விஷயமல்ல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும், ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே புகுந்து முழங்காலைக் கடிக்கும். ஷிப்டு முடிந்து வரும்போது அவள் விரல்கள் மரக்கட்டையாக இருக்கும். அந்தக் கையால் வெள்ளரித் துண்டை எடுத்து வாயில் வைத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இலை தழையைத் தின்னா ஆடு வேணா ஆகலாம். டிரைவர் ஆக முடியாதுங்க."

அவளுக்கு வேண்டியது ஸ்டூ. குளிர்காலம் வந்தால் அந்த வீட்டில் வேறு சாப்பாடே கிடையாது. கொழுப்பு ஓடிய கறி, வெண்ணெயில் வறுத்த மாவு, உருளைக்கிழங்கு, இறக்கும்போது ஒரு கிண்ணம் கிரீம், தொட்டுக்கொள்ள ரொட்டி. சமைப்பது எப்போதும் அவள்தான். லிப்டுக்காரருக்கு முட்டை அவிக்கத் தெரியும். அதையும் சில நாள் தண்ணீர் வற்றும்வரை விட்டுவிடுவார்.

"நான் பண்றேன்" என்றார் அவர்.

"என்னத்த?"

"ஸ்டூ. வெண்ணெய் இல்லாம."

நாளைக்குப் பஸ்ஸை நான் ஓட்டுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூட அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

முதல் தடவை செய்தது வாயில் வைக்க விளங்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கொதிக்கவிட்டு இறக்கினார். அவள் ஒரு கரண்டி எடுத்து உயர்த்தி ஊற்றிப் பார்த்தாள். "இது ஸ்டூவா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றாள். என்றாலும் கிண்ணத்தைக் காலி செய்தாள். எதிரே மனுஷர் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்போது எப்படி வைத்துவிட்டு எழுந்திருப்பது?

லிப்டுக்காரர் ஒன்றைத் தொட்டால் லேசில் விடுகிறவரல்ல. ஓடாத மெஷின் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் வழியும் இருக்கும். வெண்ணெய் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று யோசித்தார். கெட்டியாக்குகிறது, வழுவழுப்பாக்குகிறது, வாசனையைச் சுமக்கிறது. அப்படியானால் அந்த வேலைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் போகிறது.

கறிக்கடைக்காரரிடம் போனார். "அம்மா வழக்கமா வயித்துப்பக்கம்தானே வாங்குவாங்க?" என்றார் கடைக்காரர்.

"அது வேணாம். கொழுப்பில்லாததா குடுங்க. ஆனா சக்கை மாதிரியும் இருக்கக் கூடாது."

"அப்ப கால் சதையை எடுத்துக்குங்க. கொழுப்பு இருக்காது, ஜவ்வு இருக்கும். அது கரைஞ்சா குழம்பு தானா கெட்டிப்படும். ஆனா அவசரப்பட்டீங்கன்னா செருப்புத் தோலுதான். சின்னத் தீயில ஏத்திட்டு மறந்துடணும்."

அவர் மறக்கவில்லை, பக்கத்திலேயே நின்றார். கனத்த பாத்திரத்தைச் சூடாக்கி, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு துடைத்து, கறித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, நிறம் மாறும்வரை தொடாமல் விட்டார். அடியில் பிடித்திருந்த பழுப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுரண்டினார். ருசி முழுக்க அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வெங்காயத்தை எண்ணெயில்லாமல் உப்பும் ஒரு கை தண்ணீருமாக மூடி வைத்து, அது தன் நீரிலேயே குழைந்து இனிக்கும்வரை காத்திருந்தார். உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் கேரட்டும் நூல்கோலும் முட்டைகோஸும் போட்டார். கறியையும் குறைத்து, கருக வதக்கிய காளானைச் சேர்த்தார். கிரீமுக்குப் பதில் வெள்ளை பீன்ஸ்: ஊறவைத்து வேகவைத்து, பாதியை அப்படியே போட்டு, பாதியை வழுவழுவென்று மசித்துக் கரைத்தார். மறுநாள் பிரிட்ஜிலிருந்து எடுத்தால் கறியில் மிச்சமிருந்த கொழுப்பு மேலே வெள்ளை ஆடையாக உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் அலுங்காமல் எடுத்துவிட்டு மறுபடி சூடாக்கி, மிளகு தூவி, இரண்டு சொட்டு வினிகர் விட்டு இறக்கினார்.

அவள் கிண்ணத்தில் ரொட்டித் துண்டை நட்டு வைத்தாள். அது சாயாமல் நின்றது. வாயில் வைத்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கேயோ வெண்ணெய் போட்டிருக்கீங்க."

"இல்ல."

"சத்தியமா?"

"பீன்ஸ்."

"அடேங்கப்பா! பீன்ஸ் கிரீம் வேஷம் போட்டிருக்கு, காளான் கறி வேஷம் போட்டிருக்கு. இது ஸ்டூ இல்லீங்க, நாடகக் கம்பெனி" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த ஸ்டூவுக்கு வேஷக்காரி என்று பெயர்.

அவர்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல குளிர்காலம் எது என்று கேட்டால் லிப்டுக்காரர் யோசிக்காமல் அதைத்தான் சொல்வார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்திருக்கும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காலை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு, அந்த வாரம் பஸ்ஸில் நடந்த கதையெல்லாம் சொல்வாள். கோழியைப் பைக்குள் மறைத்து ஏற்றிய கிழவர், காதலியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடைசி நிறுத்தம் வரை போய்விட்ட வாலிபன். அவர் கேரட் நறுக்கிக்கொண்டே கேட்பார். இத்தனை வருஷம் அவள் அடுப்படியிலும் அவர் டி.வி. முன்னாலுமாக எவ்வளவு பேச்சைத் தவற விட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றும். தோன்றியதைச் சொல்ல மாட்டார். கேரட்டை இன்னும் பொடியாக நறுக்குவார், பேச்சு நீளட்டும் என்று.

எடை இறங்கியது. வாரம் ஒருமுறை எடை மெஷினில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாள்; அவர் குனிந்து பார்த்துச் சொல்வார். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு வேகம் பிடித்தது. யூனிபாரத்தைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது.

டிப்போவில் தொப்பையார் என்று ஒருவர். அவளோடு ஒரே தடத்தில் ஓட்டுகிற டிரைவர். பேருக்கு வஞ்சனை செய்யாத வயிறு. சாப்பாட்டு வேளையில் அவள் பிளாஸ்கைத் திறந்தால் அவர் கிண்ணத்தோடு வந்து நின்றுவிடுவார். "கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா ஆயிட்டீங்களே அக்கா!" என்பார். "யாரைப் பாத்துடா கழுதைங்கற?" என்று அவள் கரண்டியை ஓங்குவாள்.

கட்டடத்துப் பெண்கள் லிப்டுக்காரரை வழிமறித்துச் செய்முறை கேட்டார்கள். எண்ணி எண்ணிப் பேசுகிற மனிதர் லிப்டுக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, பீன்ஸை எவ்வளவு மசிப்பது, கொழுப்பு ஆடையை எப்போது எடுப்பது என்று விளக்கினார். "கொடுத்து வெச்சவங்க உங்க வீட்டம்மா" என்று ஒருத்தி சொன்னபோது அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குளிர் குறையத் தொடங்கிய சமயத்தில் அவள் கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தாள்.

"போதுங்க. நாலு வாய் வெச்சதுமே நெறஞ்சு போகுது."

"பீன்ஸ் அப்படித்தான். வயித்தை அடைக்கும்" என்றார் அவர். சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதம் அவருக்கே கேட்டது. பிற்பாடு அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவர் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாரோ.

நடுமுதுகில் வலி என்றாள். டிரைவர் சீட் பழசு, ஸ்பிரிங் செத்துப்போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு குஷன் வாங்கிக் கொடுத்தார். களைப்பாக இருக்கிறது என்றாள். எடை குறைந்தால் உடம்பு பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். டிப்போ டாக்டர் மறுபடி பரிசோதித்து, சர்க்கரை மட்டும் இன்னும் சரியாகவில்லையே என்று முனகிவிட்டு, எடையைப் பார்த்துக் கைகொடுத்தார். ஸ்டியரிங் அவளுக்கே என்று ஆயிற்று. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், எப்போதும் தூக்கிவிடுவாள். அன்று முடியவில்லை. "கண்டபடி தின்னு நீங்க குண்டாயிட்டீங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

வெளியூரில் இருந்த மகள் அந்த வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்க வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி, அம்மாவை அடையாளம் தெரியலயா? எல்லாம் உங்கப்பா கைவண்ணம்" என்றாள் தாய்.

மகள் கிட்டே வந்து அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "அம்மா, கண்ணு ஏம்மா மஞ்சளா இருக்கு?"

லிப்டுக்காரரும் பார்த்தார். தினம் பார்க்கிற கண். அடுப்படி பல்பு வெளிச்சத்தில், டி.வி. வெளிச்சத்தில் பார்த்த கண். பகல் வெளிச்சத்தில் அது காய்ந்த எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். படங்களைப் பார்த்துக்கொண்டே, "எடை எப்பலேருந்து குறையுது?" என்று கேட்டார்.

"அது நான்தான் டாக்டர்" என்றார் லிப்டுக்காரர். "நான்தான் குறைச்சேன். வெண்ணெய் இல்லாம ஸ்டூ பண்ணிக் குடுத்து..." எவ்வளவு குறைந்தது என்பதையும் சொன்னார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வது சரிதான் என்பது போலத் தலையாட்டினாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நல்ல சாப்பாடுதான் குடுத்திருக்கீங்க" என்றார் மெதுவாக. "ஆனா, சாப்பாட்டால மட்டும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு இறங்காது, ஐயா."

நோய் கணையத்தில் இருந்தது. அது ரொம்ப நாளாகவே ஓசைப்படாமல் உட்கார்ந்திருந்தது என்றும், கல்லீரல் வரை போய்விட்டது என்றும், அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றும் டாக்டர் விளக்கினார். அவர் சொன்னதில் பாதி லிப்டுக்காரர் காதில் ஏறவில்லை. மகள்தான் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் அவர் நாற்காலியில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடை மெஷினில் அவர் குனிந்து பார்த்துச் சொன்ன அந்தக் கிலோக்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. எந்தக் கிலோ தன் கைவேலை, எந்தக் கிலோ அந்தப் பாழாய்ப்போனதின் வேலை என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கைதட்டியிருக்கிறோமே என்று நினைத்தார்.

அதற்கப்புறம் எல்லாம் தலைகீழாயிற்று. இனி ஒரு கிலோகூடக் குறையக் கூடாது, வெண்ணெய், கிரீம், முட்டை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், செரிக்க மாத்திரை தருகிறோம் என்றார்கள். லிப்டுக்காரர் வயிற்றுப்பக்கக் கறி வாங்கினார். கறிக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், நல்ல பாகமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். பழைய முறைப்படியே வெண்ணெயில் மாவு வறுத்து, கிரீம் ஊற்றி, இத்தனை நாள் அந்தப் பாத்திரத்திலிருந்து விரட்டியடித்த எல்லாவற்றையும் வருந்தி வருந்தித் திரும்ப அழைத்தார். வீடெல்லாம் மணந்தது. அவளுக்கு அந்த மணமே குமட்டியது. ஒரு வாய் வைத்துவிட்டு, அவர் முகத்துக்காக இன்னொரு வாய் வைத்துவிட்டு, கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் வேறு வேறாகச் செய்து பார்த்தார். முட்டை அடித்து ஊற்றினார், பாலாடைக்கட்டி துருவிப் போட்டார். எதுவும் இறங்கவில்லை. அவள் துரும்பாக இளைத்தாள். தையற்காரர் பிடித்துத் தந்த யூனிபாரம் இரண்டும் ஆணியில் தொங்கின, உள்ளே ஆள் இல்லாமல். தொப்பையார் டிப்போவிலிருந்து பார்க்க வந்தவர், ஒரு ஜோக்கும் வராமல், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மாடிப்படியில் இறங்கும்போது அழுதுகொண்டே போனார்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். "என்னங்க."

அவர் கையில் கரண்டியோடு வந்தார்.

"அந்த வேஷக்காரி இருக்காளா?"

"அது எதுக்கும்மா இப்ப? அதுல ஒண்ணுமே இல்லயே. உனக்குச் சத்து வேணும்."

"சத்து கெடக்கட்டும். அதுதான் வாய்க்குப் பிடிக்குது. வெறும் சாறு மட்டும் வடிச்சுக் குடுங்க."

அவர் அடுப்படிக்குப் போனார். கேரட் நறுக்கினார். துண்டுகள் ஒன்று போல வரவில்லை. வெந்ததும் வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, தலையணையை உயர்த்தி, சின்னக் கரண்டியால் ஊட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இன்னொரு கரண்டி. இன்னொன்று. ரொம்ப நாளைக்கப்புறம் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள் என்பதில் அவருக்கு ஒரு கணம் எல்லாமே மறந்துபோயிற்று.

பிறகு மறக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "என்னால கண்டுபிடிக்க முடியலயே" என்றார். "கிண்ணத்துல மிச்சம் வெச்சப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நான் என் சமையலை மெச்சிக்கிட்டு நின்னேன். உன்னைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்."

"ஏங்க, நான் சாப்பிட்ட மாதிரி பட்டினி யாருங்க சாப்பிட்டா?" என்றாள் அவள். குரல் பழைய குரலில் கால்வாசிகூட இல்லை. "எனக்கும்தான் தெரியல. என் உடம்பு, எனக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருந்தாலும்..."

"இருந்தாலும் கிருந்தாலும் இல்ல. இங்க பாருங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு ஆம்பளை எனக்காக நின்னு நின்னு சமைச்சான். நான் காலை நீட்டி உக்காந்திருந்தேன். எந்த மகாராணிக்கு அந்தக் குடுப்பினை?" மூச்சு வாங்கியது. "அதைப் பாவம்னு ஆக்கிடாதீங்க. எனக்குன்னு இருக்கற நல்ல ஞாபகம் அது. அதைப் பிடுங்கிக்காதீங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் அவ்வளவு பெரிய பஸ்ஸை வளைத்த கை, இப்போது அவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மரங்கள் தளிர்விடும் சமயம் அவள் போய்விட்டாள். வீட்டில், தூக்கத்தில், மகளும் அவரும் பக்கத்தில் இருக்கும்போது. டிப்போவிலிருந்து ஷிப்டில் இல்லாத டிரைவர்கள் எல்லாம் யூனிபாரத்தோடு வந்தார்கள்.

மகள் சில வாரம் இருந்துவிட்டு, "என்கூட வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டாள். "லிப்டெல்லாம் யாரு பாப்பா?" என்று சொல்லிவிட்டார். அவர் வேலைக்குப் போனார். லிப்டுக் குழியில் இறங்கினார், கயிறு பார்த்தார், கிரீஸ் வைத்தார். வீட்டுக்கு வந்து ரொட்டி தின்றார். எடை மெஷினைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கனத்த பாத்திரத்தை அலமாரியின் அடித்தட்டில் தள்ளி, முன்னால் பழைய செய்தித்தாளை அடுக்கி வைத்தார். லிப்டுக் கதவருகே செய்முறை கேட்ட பெண்கள் இப்போது அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவரும் படியேறிப் போகப் பழகிக்கொண்டார்.

அடுத்த குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் தொப்பையார் வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"டிப்போ டாக்டர் எனக்கும் அதே கெடு குடுத்துட்டாரு. எடை குறைக்கணும். அக்காவுக்குப் பண்ணுவீங்களே, அந்த ஸ்டூ... எனக்குக் கத்துக் குடுக்கிறீங்களா? எனக்கு வேற யாரையும் தெரியாதுண்ணே."

லிப்டுக்காரருக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "முடியாது!" என்று கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "முதல்ல போய் ரத்தம் குடுத்துட்டு வா. ஸ்கேன் எடு. உள்ள ஒண்ணும் இல்லன்னு எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் ஒரு கேரட்டைக்கூட நீ தொடக் கூடாது!"

தொப்பையார் பேயறைந்தது போல நின்றார். பிறகு அவருக்குப் புரிந்தது. "சரிண்ணே" என்றார்.

தனியாகப் போகவிடவில்லை. லிப்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. தொப்பையார் உள்ளே போனதும் இவர் நாற்காலியில் உட்காராமல் அதே சுவரோரம் நின்றார். எல்லாச் சோதனையும் முடிந்து தொப்பையார் வெளியே வந்து, "ஒண்ணும் இல்லயாம்ணே. கொழுப்புதானாம், வெறும் கொழுப்பு!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

லிப்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது: இவனுக்கு வெறும் கொழுப்பு, என் வீட்டுக்காரிக்கு மட்டும் ஏன் அப்படி? அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. எல்லாம் சேர்ந்து வந்தது. போகிற வருகிற ஜனங்கள் பார்க்க, தொப்பையார் அவரைத் தன் பெரிய உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "விடுங்கண்ணே, விடுங்கண்ணே" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து செய்தித்தாளையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு லிப்டுக்காரர் பாத்திரத்தை வெளியே எடுத்தார். தொப்பையார் ஸ்டூலில் உட்காரப் போனார். "அங்க வேணாம். நின்னுக்கிட்டே கத்துக்கோ" என்றார் லிப்டுக்காரர். தொப்பையார் நின்றுகொண்டே கற்றுக்கொண்டார். கறியைத் தொடாமல் விடுவது, அடிப்பழுப்பைச் சுரண்டுவது, பீன்ஸில் பாதியை மசிப்பது. "பசி இல்லாம போச்சுன்னா அன்னிக்கே எனக்குச் சொல்லணும்" என்று நடுநடுவே லிப்டுக்காரர் மிரட்டினார். "எனக்கா? பசியா இல்லாம போகும்?" என்றார் தொப்பையார். அது உண்மைதான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்குப் பாத்திரத்தை எட்டிப் பார்க்கிற ஆள். லிப்டுக்காரர் ருசி பார்க்க ஒரு கரண்டி எடுப்பார். அதற்கு மேல் அவருக்கு இறங்காது.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தொப்பையார் வந்தார். தன் வீட்டில் ஏறிப் பார்த்த எடையை வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். எடை நத்தை வேகத்தில் இறங்கியது. ஒரு வாரம் கொஞ்சம், ஒரு வாரம் ஒன்றுமில்லை, ஒரு வாரம் ஏறிக்கூடப் போய்விடும். தொப்பையார் சலித்துக்கொள்வார். லிப்டுக்காரர் மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்வார். அதே கறி, அதே பீன்ஸ், அதே கை. குளிர் முடிகிற சமயம் மொத்தத்தில் குறைந்தது பார்த்தால், பெல்ட்டில் இரண்டு துளை. டிப்போ டாக்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தொப்பையார் இனிப்புக்குப் பதில் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டே துளைதாண்ணே. ஆனா மனுஷன் ஸ்டியரிங்ல உக்காந்துட்டேன்ல!"

"நல்லதுப்பா" என்றார் லிப்டுக்காரர்.

தொப்பையார் போன பிறகு அவர் மேஜை முன்னால் உட்கார்ந்தார். இரண்டு துளை. ஒரு முழுக் குளிர்காலத்தில் தன் ஸ்டூவால் முடிந்தது இவ்வளவுதான். அப்படியானால் அவளிடம் தன்னால் குறைந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். மிச்சமெல்லாம், யூனிபாரத்தை மறுபடி மறுபடி பிடித்ததெல்லாம், அந்தப் பெண்கள் கொடுத்து வைத்தவள் என்றதெல்லாம், அந்தப் பாழாய்ப்போனதின் வேலைதான். தான் அவளைப் பட்டினி போடவில்லை என்று இப்போது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை. குற்றம் தன்னுடையது என்றிருந்தவரை, வேறு மாதிரிச் செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்ளவாவது ஒரு இடம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

பிறகு எழுந்து மகளுக்குப் போன் செய்தார். "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அவள். "ஒண்ணுமில்லம்மா" என்றார். "ஆரஞ்சு நிறைய இருக்கு. வரும்போது எடுத்துட்டு வரேன். இந்த வாரம் வரட்டுமா?"

"வாங்கப்பா" என்றாள் மகள். "எப்ப வேணாலும் வாங்க."